பூஜ்யம் போட்ட தட்டு

மூன்றாவது தடவையும் டிரெய்லர் வேண்டாத பக்கமே திரும்பி, பைன் மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"பார்த்து! பார்த்து!" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கத்தினோம். உதவி செய்ய அல்ல. வேடிக்கை அப்படி.

மொன்டானா ஏரிக்கரை முகாம்களில் சாயங்காலமானால் எங்களுக்கு இதுதான் பொழுதுபோக்கு. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். புதிதாக வருகிறவர்கள் பிக்கப் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, பின்னால் மாட்டிய டிரெய்லர் வீட்டைத் தங்கள் இடத்துக்குள் நுழைக்கத் திணறுவார்கள். நாங்கள் பேப்பர் தட்டில் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதித் தூக்கிக் காட்டுவோம். முதல் முறை வந்தபோது நாங்கள் என்ன மார்க் வாங்கினோம் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டோம்.

அன்று மாட்டிக்கொண்டவர் வெர்னா. அறுபதைத் தாண்டியவர். டீசல் பிக்கப்பின் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு கணவர் ராய்ஸ். இருபது வருஷமாக ஓட்டியவர் அவர்தான். போன குளிர்காலத்தில் பார்வை போய்விட்டதாம். பதிவு செய்கிற அலுவலகத்தில் சொன்னார்கள்.

ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

"விட்டுடு வெர்னா. திரும்பிப் போயிடலாம். டிரெய்லரை வாங்கிக்கறேன்னு அந்த ஆளும் காத்துக்கிட்டுதானே இருக்கான்?"

"வித்துட்டு? ரெண்டு பேரும் சோஃபாவுல உக்காந்து சுவத்தைப் பாக்கறதா?"

"நான் எங்க பாக்கறது? நீதான் பாக்கணும்."

வெர்னா சிரிக்கவில்லை. "இன்னிக்கு நிறுத்த முடியலைன்னா வித்துடலாம்னு நான்தானே சொன்னேன். இன்னும் பொழுது இருக்கு."

அப்போதுதான் பின்னால் ஹாரன் அலறியது.

பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட கறுப்புப் பிக்கப். அதன் பின்னால் நாற்பதடி டிரெய்லர். தொப்பையும் தொப்பியுமாக ஒருவர் இறங்கி வந்தார்.

"ஏம்மா, பொழுதன்னிக்கும் வழியை மறிச்சுக்கிட்டே நிப்பீங்களா? ஓரங்கட்டுங்க. பக்கத்து இடம் என்னுது. நான் போட்டுட்டுப் போயிடறேன். அப்புறம் நீங்க எத்தனை நேரம் வேணும்னாலும் ஆட்டுங்க."

வெர்னாவின் முகம் சிறுத்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த டெல் முணுமுணுத்தார். "வண்டி பெருசா வாங்கிட்டா போதும், நாக்கும் நீண்டுடும்."

ஆனால் அந்த மனிதர் ரிவர்ஸ் எடுத்த லட்சணம் இருக்கிறதே! முதல் தடவை டிரெய்லர் பாதையைவிட்டுப் புல்லில் இறங்கியது. இரண்டாவது தடவை பிக்கப் ஒரு பக்கம், டிரெய்லர் ஒரு பக்கம் என்று மடங்கி நின்றது. மூன்றாவது தடவை, எண் எழுதிய மரக்கம்பத்தில் 'டொக்'!

விசில் பறந்தது. நான் தட்டில் பெரிய பூஜ்யமாகப் போட்டு, எம்பி எம்பிக் காட்டினேன்.

"யாராவது பின்னாடி நின்னு சொல்லுங்களேன்!" என்று கத்தினார். நாங்கள் ஒருத்தரும் அசையவில்லை. வெர்னாதான் இறங்கிப் போனார்.

"இடது பக்கம் வரணும் சார்... ஐயோ, வலது பக்கம்ல போகுது!"

"இந்த எழவு எனக்கு மறந்து மறந்து போகுதும்மா. கையை ஸ்டீயரிங்குக்கு அடிப்பக்கம் வெச்சுக்கணும். டிரெய்லரோட பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கமே கையைத் தள்ளணும். கொஞ்சங் கொஞ்சமா. சரிதானே?"

"இப்ப வருது! வாங்க, வாங்க... நிறுத்துங்க!"

"நல்ல வேளை, நீங்க இருந்தீங்க. இல்லைன்னா மரத்துமேலதான் ஏத்தியிருப்பேன்."

வெர்னா சிரித்துக்கொண்டே தன் வண்டிக்குத் திரும்பினார். "ராய்ஸ், இந்த ஆளே போட்டுட்டாரு. எனக்கென்ன கேடு?"

சாய்ந்த கம்பத்தைச் சுற்றி நின்று அவரைக் கிண்டலடிப்பதில் நாங்கள் மும்முரமாக இருந்தோம். வெர்னாவை யாரும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, ஒரு தடவை கோணலாகப் போய், முன்னால் எடுத்து, மறுபடி வந்து, நேராக நிறுத்தி முடித்திருந்தார்.

ராய்ஸ் இறங்கி, கைத்தடியால் சக்கரத்துக்கும் ஓரக்கல்லுக்கும் நடுவே தட்டித் தட்டி அளந்தார்.

"நேரா இருக்குடி. வாங்கிக்கறேன்னு சொன்ன ஆளுக்குப் போன் போடு. விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லிடு."

கொஞ்ச நேரத்தில் தொப்பைக்காரர் என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"நான் ஹோபர்ட். அந்தப் பூஜ்யம் போட்ட தட்டு உங்களுதுதானே? எனக்குக் குடுத்துடறீங்களா?"

ஒன்றும் புரியாமல், தட்டோடு அவருடைய டிரெய்லர் வரைக்கும் போனேன். பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி பொரிந்தார்.

"ஏங்க, இந்த வருஷம் இது நாலாவது கம்பம்! முப்பது வருஷம் லாரி ஓட்டினப்போ ஒரு கீறல் உண்டா? அடுத்த தடவை புல்லுல இறக்கறதோட நிறுத்திக்குங்க."

ஹோபர்ட் அசட்டுச் சிரிப்போடு கதவைத் திறந்தார். உட்பக்கம் கிளிப்பில் ஒரு கட்டுப் பேப்பர் தட்டுகள். எல்லாம் பூஜ்யமும் ஒன்றும்தான்.

என் தட்டை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் நிதானமாக எழுதினார்:

'வெர்னா. கம்பம் சாய்ந்த பிறகு, இரண்டாவது முயற்சியில்.'