சூளையில் பூத்த ஜாடி

இன்ஸ்பெக்டரின் மேஜை மேல் இருந்தது அந்தப் பீங்கான் ஜாடி. வெண்ணெய் நிற உடம்பு முழுக்க நீலநீலமாய்ப் பூக்கள். ஒன்றுகூடத் தூரிகையால் வரைந்ததில்லை. எல்லாம் சூளைச் சூட்டில் பூச்சுக்குள்ளேயே படிகமாய் விளைந்தவை.

ஜாடி ஒன்று, உரிமை கொண்டாடுகிறவர்கள் இரண்டு பேர். நாளைக் காலை கண்காட்சி. அதில் இது யார் பெயரில் போய் உட்காரும் என்பதுதான் வழக்கு.

“பெத்த பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருக்கு சார்!” என்று மூக்கை உறிஞ்சினார் அந்த அம்மாள். “கொல்லைப் பக்கம் ஆற வெச்சிருந்தேன். அடுப்பை அணைச்சுட்டு வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். பார்த்தா, இந்தப் பக்கத்து வீட்டுக்காரர் பட்டறையில ஜம்முனு உட்கார்ந்திருக்கு!”

பக்கத்து வீட்டுத் தாடிக்காரர் திருதிருவென்று விழித்தார்.

“பச்சைப் பொய் சார்! எத்தனை தடவை சூளை போட்டுப் பாழாப் போச்சு தெரியுமா? சூட்டை ஏத்தி, சட்டுனு இறக்கி, அப்படியே மணிக்கணக்கா நிறுத்தி வெச்சாத்தான் பூ வரும். அதுவும் வந்தா உண்டு. எனக்குன்னு பூத்தது இது ஒண்ணுதான் சார்.”

“எனக்கும் அதே கதைதான் சார்!” என்றார் அம்மாள்.

இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார். திருட்டு நகை என்றால் அடகுக் கடையில் விசாரிக்கலாம். பூவை எங்கே போய் விசாரிப்பது?

அப்போதுதான் அம்மாள் பையிலிருந்து உடைந்த சின்னத் தட்டு ஒன்றை எடுத்தார்.

“இந்தப் பூச்சு சூட்டுல தேன் மாதிரி வழியும் சார். சூளையில ஒட்டாம இருக்க, ஒவ்வொரு ஜாடிக்கும் அடியில ஒரு தட்டு வெச்சுதான் சுடுவோம். ஆறினதும் தட்டி உடைச்சுப் பிரிக்கணும். உடைஞ்ச இந்த விளிம்பு வேற எந்த ஜாடிக்கும் சேராது. நல்லவேளை, ஜாடியோட அடியை இவர் இன்னும் தேய்ச்சு வழவழப்பாக்கல!”

இன்ஸ்பெக்டர் தட்டை ஜாடியின் அடியில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாய்ப் பொருந்தியது. வழிந்திருந்த நீலக் கோடுகூட ஜாடியிலிருந்து தட்டுக்கு அறுபடாமல் ஓடியது.

இன்ஸ்பெக்டர் தாடிக்காரர் பக்கம் திரும்பினார்.

“ஜாடி உன்னுதுன்னா, உன் தட்டு எங்கேய்யா?”

“அதையெல்லாம்… யாரு சார் எடுத்து வெச்சுப்பாங்க?”

“இந்த அம்மா வெச்சிருக்காங்களே!” கான்ஸ்டபிள் சிரித்தே விட்டார்.

தாடிக்காரரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, ஜாடியை அம்மாளிடம் ஒப்படைத்தார் இன்ஸ்பெக்டர். “பத்திரம்மா, காலம் கெட்டுக் கிடக்கு.”

“அது என் ஜாடி சார்!” என்ற அலறல் வாசல் வரை கேட்டது. அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரோடு காத்திருந்த கணவர் ஜாடியைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார்.

“அடேங்கப்பா! அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில அந்தத் தட்டை நீ பொறுக்கினப்போ, ஜாடி இவ்வளவு அழகா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல!”