வராடியின் ரசிகை

பெர்லினில் பியானோ மேதை வராடியின் பகல் கச்சேரிக்குப் போன என் மனைவி ஓட்டிலி, கன்னம் சிவக்கத் திரும்பினாள். கழுத்தில் அவர் முகம் பதித்த பதக்கம் தொங்கியது.

“இடைவேளைக்கு அப்புறமும் வாசிச்சாரா?” என்றேன்.

“வாசிக்காம? முன்வரிசையில மூணு பேர் மயங்கியே விழுந்துட்டாங்க!”

“அவருக்குக் கை நடுங்கிச்சா? வேர்த்துதா?”

“என்னங்க, புதுசா இவ்வளவு அக்கறை? அவர் பேரைச் சொன்னாலே மூஞ்சி கடுகடுன்னு மாறுமே!”

எங்கே தவறினேன் என்று வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

“கேளுங்க. இடைவேளையில அவருக்குக் காபி வச்சிருந்தாங்க. உதட்டுல பட்டதுமே கசக்குதுன்னு வச்சிட்டார். அந்த மிச்சத்துக்கு எங்களுக்குள்ள ஒரே அடிதடி! ஒரு பிரபு வீட்டம்மா கொண்டையையே பிடிச்சு இழுத்துட்டேன்.”

“காபி... என்ன ஆச்சு?”

“காலிக் கோப்பையைத்தான் அவ தூக்கிட்டுப் போனா. காபி எனக்கு! அவர் வாய் வச்சதாச்சே, தேனா இனிச்சுது. சொட்டு விடாம குடிச்சேன்.”

என் மருந்துக்கடைத் தராசில் மூன்று முறை நிறுத்துப் பார்த்து, கச்சேரிக்கு முன்பே அரங்கின் பின்கட்டில் நுழைந்து, அந்தக் காபியில் விஷத்தைக் கலந்தவன் நான்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“ஏங்க, அந்த ஜன்னலைத் திறங்களேன்,” என்றாள் ஓட்டிலி. “ஒரேயடியா வேர்க்குது.”