துணைக்கு வந்தவர்

மனிதன் தன் நாக்கை வென்ற நாளில்தான் நாகரிகம் பிறந்தது.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மேடையேறிப் பேர் வாங்கியவர், அன்று காலை முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, 'உணவுப் பழக்கக் கோளாறுகள் சிகிச்சைப் பிரிவு' என்ற பலகைக்கு அடியில், யார் கண்ணிலும் படாத நாற்காலியாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரே நிபந்தனையில்தான் வந்திருந்தார். கேட்பவர்களுக்கு நோயாளி அக்கா, அவர் வெறும் துணை.

வேறு வழியில்லாமல்தான் வர ஒப்புக்கொண்டார். போன வாரம் புலனடக்கம் பற்றி இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டு வந்தவரை, வீட்டு வாசலில் நின்ற காருக்குள், மடியில் காலி கேக் பெட்டியும் மீசையில் க்ரீமுமாக அக்கா பிடித்துவிட்டாள். அவள் திட்டவில்லை. கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அதுதான் அவரை ஆட்டிவிட்டது.

அக்கா பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவள். மெதுவாகப் பேசும் வித்தை அவளுக்குக் கைவரவே இல்லை.

"எனக்குத்தாங்க பிரச்சன. இவன் சும்மா துணைக்கு," என்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி அறிவித்தாள். பிறகு பக்கத்தில் இருந்த பெண்மணியிடம் வீட்டுக் கதையை அவிழ்த்தாள். "எங்க நாய் வேற இளைச்சுக்கிட்டே போகுது. பிஸ்கட் வாங்கி மாளல, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது. நாய் டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டாரு."

தம்பி எதிர்ச்சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியின் உபயோகக் குறிப்பை ஆழ்ந்து படித்தார்.

உள்ளே மருத்துவர் சின்ன வயதுப் பெண். அக்கா நாற்காலியில் உட்காரும்போதே நடிப்பைத் தொடங்கிவிட்டாள்.

"வாய் சும்மாவே இருக்காது டாக்டர். சாப்பிட உக்காந்தேன்னா அப்படி ரசிச்சு ரசிச்சு சாப்பிடுவேன்."

தம்பியின் முதுகு நிமிர்ந்தது. மேடையில் எவனாவது மேற்கோளைத் தப்பாகச் சொன்னாலே மைக்கைப் பிடுங்கித் திருத்துகிறவர் அவர்.

"ரசிச்செல்லாம் இல்ல," என்றார். "ருசியே தெரியாது. தொண்டைக்குக் கீழ எறங்கினா சரி."

மருத்துவர் அவரைப் பார்த்தார். தம்பியின் பார்வை தீயணைப்புக் கருவியைத் தேடியது. இந்த அறையில் அது இல்லை.

"அப்பப்போ அகோரப் பசி," என்று அக்கா தொடர்ந்தாள். "சாப்பிட்டு முடிச்சா பரம திருப்தி. ஒரு ஏப்பம் விட்டுட்டுப் படுத்துருவேன்."

"பசியா? இதுக்கும் பசிக்கும் சம்பந்தமே இல்லக்கா. திருப்தியாம். நம்ம மூஞ்சிய நாமளே பாக்க முடியாது. கார்ல இருக்கற கண்ணாடியத் திருப்பி வெச்சுட்டுத்தான் பொட்டலத்தையே பிரிப்பேன்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். டிக்கெட் எடுக்காதவன் தானாக எழுந்து வரும்வரை கம்பியில் சாய்ந்து நின்று பழகியவள்.

அவர் மெல்லக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்குள் இருந்த பேச்சாளர் மட்டும் இன்னும் மேடையை விட்டு இறங்கவில்லை.

"எதுக்கும் ஒரே மருந்து வைராக்கியந்தான் டாக்டர்."

"அந்த மருந்த எத்தன வருஷமா எடுத்துக்கறீங்க?"

"இருவது வருஷமா."

"கேக்குதா?"

அவர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டப் போய், பாதியில் மடித்து மடியில் வைத்தார்.

"அப்போ மருந்த மாத்திப் பாப்போம்," என்றார் மருத்துவர். "இது ஒரு வியாதிங்க. நெறைய பேருக்கு இருக்கு, சரியாகும். கடைசியா எப்போ, என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. கையில கெடச்சது எதுவா இருந்தாலும் பரவால்ல."

அவர் தரையைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார்.

"அக்கா, நீ கொஞ்சம் வெளிய இரேன்."

"நோயாளி எப்படிடா வெளிய போறது?" என்ற அக்கா, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் முகக்கவசத்தையும் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அக்கா பக்கம் திரும்பாமல், மருத்துவரைப் பார்த்துச் சொன்னார்.

நேற்று மாலை. நாய் பிஸ்கட். ஒரு முழுப் பொட்டலம்.