இரண்டாவது மான்

பழைய கண்ணாடிப் பொம்மை சேர்ப்பவர்கள் எதையும் கைக்குக் கை தர மாட்டார்கள். ஒருவர் மேஜையில் வைத்து விரலை எடுத்த பிறகுதான் மற்றவர் தொடுவார். உடைந்தால் யார் கையில் உடைந்தது என்ற பேச்சே வராது பாருங்கள். சுகந்தியும் அவள் அக்கா வத்சலாவும் ஒரே ஒரு முறை அதை மறந்தார்கள். ஜோடியாக வாங்கிய நீல மான்களில் ஒன்று இருவர் கைக்கும் நடுவில் விழுந்து தூளானது. "நான் பிடிக்கறதுக்குள்ள விட்டுட்டியே" என்றாள் சுகந்தி. "நீ பிடிச்சப்புறம்தான்டி விட்டேன்" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். அம்மாவின் காரியத்தில்கூட ஆளுக்கொரு மூலையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று காலை அக்கா வாசலில் வந்து நின்றாள். கையில் மிச்சமிருந்த மான். அதன் வயிற்றுக்குள் கடுகளவு காற்றுக்குமிழி.

சுகந்தி மேஜையைத் துடைத்து, துண்டை நாலாக மடித்துப் போட்டாள். "இதுல வை அக்கா."

"கையிலதான் தருவேன்."

அக்காவின் கை நடுங்கியது. முன்பெல்லாம் இந்த நடுக்கம் கிடையாது. மானின் கால் அவள் மோதிரத்தில் இடித்து இடித்துக் கிணுகிணுத்தது.

"விழுந்துடும், வை."

"வாங்குடி."

சுகந்தி இரண்டு கையாலும் பிடித்தாள். சத்தம் நின்றது. "பிடிச்சிட்டேன்" என்றாள்.

அக்கா விரலை எடுக்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"அன்னைக்கும் இப்படித்தானே பிடிச்சிருந்த?"

சுகந்தியின் விரல்களுக்குள் மான் வியர்வையில் வழுக்கத் தொடங்கியது.