ஐந்தாவது ஒட்டு

தளிர் விட்டிருந்தது.

அவள் கும்பிடாத குறையாக மண்டியிட்டாள். ஒரு சாண் தளிர். ஏழு இலை.

பிறகுதான் பார்த்தாள். தளிர் கிளம்பியிருந்தது ஒட்டுக் கட்டிய நாடாவுக்குக் கீழே.

நாடாவுக்கு மேலே இருந்த குச்சியை நகத்தால் சுரண்டினாள். பச்சை இல்லை. இன்னொரு இடத்தில் சுரண்டினாள். அங்கேயும் விறகுதான்.

அடிச்செடி பிழைத்துக்கொண்டது. அது காட்டு ஆப்பிள், முளைப்பதற்கு யாரையும் கேட்காது. அதன் தலையில் ஒட்டிய பங்களா ஆப்பிள் செத்துவிட்டது.

மலையில் அந்த ரகத்தில் மிச்சமிருந்தது ஒரே கிழட்டு மரம். போன தை மாசம் விடுதி கட்டுவதற்காக அதையும் சாய்த்தார்கள். வெட்டியவர்களிடம் கெஞ்சி ஐந்து குச்சி வாங்கி வந்தார் அவள் புருஷன் செபஸ்தியான். வீட்டுக்குப் பின்னால் ஐந்து அடிச்செடி நட்டு, ஐந்திலும் ஒட்டுக் கட்டினார்.

ஒன்பதாம் நாள் பக்கவாதம் அவரைச் சாய்த்தது.

நாலு ஒட்டு காய்ந்தன. ஒவ்வொன்று காய்ந்தபோதும் மனுஷன் இரண்டு நாள் கஞ்சி குடிக்கவில்லை.

இது ஐந்தாவது.

பத்து நாள் மழை விட்டு இன்றுதான் வெயில். சன்னலிலிருந்து பச்சையை முதலில் கண்டது அவர்தான். கண்டதும் குழந்தை மாதிரி அடம். சக்கர நாற்காலியில் கொல்லைப் படிவரை தள்ளிவந்து வைத்திருக்கிறாள். இன்னும் பத்தடி கிட்டே வந்தால் போதும், தெரிந்துவிடும். முப்பது வருஷம் பழப்பண்ணையில் ஒட்டுக் கட்டிய கண் அது.

"லூர்து... தழைஞ்சிருச்சா?" பாதி வாயால் கேட்டார்.

"தழைஞ்சிருச்சுங்க."

பொய் இல்லைதான். மாதாவே, நான் என்ன செய்வேன்?

கைதான் மண்ணை அள்ளியது. தளிரின் அடியை மூடினாள். நாடாவை மூடினாள். இனி அந்தப் பச்சை எங்கிருந்து கிளம்புகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒட்டின் மேல் மண் ஏறக் கூடாது. ஏற்றியவனைப் பண்ணையை விட்டே விரட்டியிருக்கிறார் அவர். இவளுக்கும் அது தெரியும். திட்டட்டும். திட்டு வாங்கிப் பழகிய உடம்புதானே.

குனிந்தபடியே காத்திருந்தாள்.

"இன்னுங் கொஞ்சம் மண்ணு அணைச்சு விடு" என்றார்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளி அணைத்தாள்.