செடியில்லாத மூலையில் மூடாக்கு

பிள்ளைப்பாக்கம் பலராமன் வீட்டில் பெயர் வெட்டாத பொருள் கிடையாது. அண்டா, சொம்பு, அரிசிப் படி, அரிவாள்மனை எல்லாவற்றிலும் ‘சு.ப.’ என்று வெட்டியிருக்கும். முதலெழுத்து தகப்பனார் சுப்பராயனுக்கு, அடுத்தது அவருக்கு. குடும்பத்துப் பொருள் எங்கே கிடந்தாலும் குடும்பத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை.

பங்குனியில் அந்த வீட்டுக் கடப்பாறை காணாமல் போனது. “எடுத்தவன் பக்கத்துத் தோட்டத்து நாகப்பன்தான்” என்று பலராமன் தெருவுக்கே சொன்னார். ஆதாரம்தான் கிடைக்கவில்லை.

ஆனியில் வேறொரு சந்தேகமும் வந்தது.

அது 1991. பட்டணத்துக் கார்கள் வயல் வரப்போரம் நின்று நிலம் விசாரிக்கத் தொடங்கியிருந்த சமயம். பலராமனும் தம் தோட்டத்தை ஒரு கம்பெனிக்குப் பேசி முடித்திருந்தார். அடுத்த வாரம் கிரயம். “எங்க குடும்பம் விக்கிற மண்ணுல ஒரு சாண் வில்லங்கம் இருக்காது” என்று வாங்குகிறவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இரண்டு தோட்டங்களுக்கும் நடுவே வேலி இல்லை. மூலையில் ஒரு சர்வே கல் மட்டும் உண்டு. அந்தக் கல்லைத்தான் இப்போது காணோம்.

புங்க இலையும் பூவரச இலையும் உதிர்ந்தால் நாகப்பன் பெருக்கி எரிக்கமாட்டான். கூடை கூடையாக அள்ளிப் பாத்திகளுக்கு மூடாக்குப் போடுவான். மல்லிப் பாத்தியிலும் கத்தரிப் பாத்தியிலும் இலை கணுக்கால் உயரம் கிடந்தது. கல் இருந்த மூலையில் மட்டும் முழங்கால் உயரம்.

“செடியே இல்லாத மூலையில மூடாக்கு எதுக்கு நாகப்பா?” என்றார் பலராமன்.

“மண்ணு காயாம இருக்கும், ஐயா.”

“மண்ணைக் காப்பாத்தறியா, கல்லை மறைக்கிறியா?”

நாகப்பன் இன்னொரு கூடை இலையைக் கொண்டுவந்து அதே மூலையில் கொட்டினான்.

கிரயப் பேச்சையெல்லாம் கவனித்துவந்த மகன் டில்லிபாபு அப்பாவைத் தடுத்துப் பார்த்தான். “வுடுப்பா. கிரயம் வர்ற நேரத்துல அக்கம்பக்கத்துல சண்டை எதுக்கு? நாலு எலைதானே?”

“முதுகுத்தண்டு இல்லாதவன் பேசற பேச்சு இது” என்றார் பலராமன்.

மறுநாள் காலை சர்வேயர் வாசுதேவ் அளவுச் சங்கிலியோடு வந்தார். கூடவே தலையாரி கண்ணப்பன். பின்னால் டில்லிபாபுவும் பாதித் தெருவும்.

நாகப்பன் இலைக் குவியலுக்கு முன்னால் கைகூப்பி நின்றான். “ஐயா, உங்க காலப் புடிச்சிக்கிறேன். எலைய மட்டும் கிளறாதீங்க. ரெண்டு வூட்டுக்கும் நல்லதில்ல.”

அவன் மனைவி மரகதத்துக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் எத்தினி நாளைக்குத்தான் மூடி வெச்சிக்கினே இருப்ப? இன்னா நடந்துச்சோ அத்த ஒடைச்சி சொல்லிடுய்யா!”

“நீ சும்மா கெட மே.”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. பலராமன் கண்ணப்பனுக்குத் தலையசைத்தார்.

மேலே சருகு. அதன் கீழே ஈரமாய், கறுப்பாய் மக்கிய இலை. அதையும் விலக்கியதும் கல்லின் தலை தெரிந்தது. பக்கத்திலேயே நீளமாக ஏதோ கிடந்தது. கண்ணப்பன் அதை எடுத்துத் துண்டால் துடைத்தான். துருவேறிய கடப்பாறை. துடைத்த இடத்தில் ‘சு.ப.’

பலராமன் சிரிக்கவில்லை. நாலு பேர் முன்னிலையில் சிரிப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. சர்வேயரிடம் ஒரு தாள் வாங்கி, நின்றபடியே போலீசுக்குப் புகார் எழுதினார். ‘இத்துடன் அனுப்பும் கடப்பாறையால் எல்லைக்கல்லைப் பெயர்த்து நட்டவனைத் தயவு தாட்சண்யமின்றிக் கைது செய்ய வேண்டியது.’

“பேர் போடலையே ஐயா?” என்றார் வாசுதேவ்.

“திருடன் பேரை எழுதி என் பேனாவைக் கெடுத்துக்க மாட்டேன். கண்டுபிடிக்கத்தானே போலீசு?”

“நான் இன்னும் அளக்கவே இல்லையே.”

“அளங்க. யார் வேணாம்னது?”

நாகப்பன் பதறினான். “வாணாம், ஐயா. அத்தக் கிழிச்சிப் போட்டுடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எங்க குடும்பத்துல போட்ட கையெழுத்தை யாரும் வாபஸ் வாங்கினதில்ல.”

எதிர்வீட்டுத் தணிகாசலம் புகாரைச் சட்டைப்பையில் செருகி, கடப்பாறையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார். அதே நேரத்தில் டில்லிபாபுவின் மொபெட் எதிர்த்திசையில், வாலாஜாபாத் பக்கமாகக் கிளம்பியது. கூட்டம் என்றாலே அவனுக்கு ஆகாது என்று பலராமன் நினைத்துக்கொண்டார்.

வாசுதேவ் ஒரு முறை சங்கிலி பிடித்தார். நில வரைபடத்தைப் பார்த்தார். மறுபடியும் பிடித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பலராமன் அருகில் வந்தார்.

“கல்லு ஏழடி நகர்ந்துதான் இருக்கு, ஐயா.”

“நான் சொல்லல?” பலராமன் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

“நாகப்பன் நிலத்துக்குள்ள நகர்ந்திருக்கு” என்றார் வாசுதேவ். “அந்த ஏழடியும் இப்போ உங்க தோட்டத்தோட சேர்ந்திருக்கு.”

பலராமன், சற்று முன்பு மகன் நின்றிருந்த இடத்தைப் பார்த்தார்.

நாகப்பன் குனிந்து, கிளறிப்போட்ட இலைகளை இரண்டு கைகளாலும் அள்ளி, மறுபடியும் அந்தக் கல்லின் மேல் போட்டு மூடத் தொடங்கினான்.