மூடியில் இருந்த பெயர்

புதுக்குடியிருப்புச் சந்தையில், சோறு கட்டும் பொலித்தீன் தாளான, தடைசெய்யப்பட்ட லஞ்ச் சீற்றை விட்டுவிட்டு மட்கிப்போகும் காகிதப் பெட்டிக்கு மாறியது ஸஹீலாவின் சோற்றுக்கடை மட்டும்தான். அந்தப் பெருமையில் மூடியில் கடைப் பெயரையும் அடித்திருந்தாள்.

அப்படியொரு பெட்டியைச் சுற்றாடல் அதிகாரி மேசையில் வைத்தார். மூடியில் கடல்மணல் ஒட்டியிருந்தது.

"நாயாற்றுக் கரை முழுக்க இதுதான் தங்கச்சி கிடக்குது. வழக்குப் போடச் சொல்லி மேலிடத்து உத்தரவு."

"லஞ்ச் சீற்றும் கிடந்திருக்குமே சேர்?"

"கிடக்குதுதான். அதில ஆரின்ரை பேர் இருக்கு?"

ஸஹீலா மூடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"நாயாற்றுக்கு ஆருக்குப் பார்சல் குடுத்தனீங்கள்?"

ஒரேயொரு தடவைதான் கொடுத்தாள். யாருக்கென்று நன்றாகவே தெரியும். சொன்னாலும் கடையை மூட வேண்டிவரும், சொல்லாவிட்டாலும் மூட வேண்டிவரும்.

"ஞாபகமில்லை சேர்."

அதிகாரியின் முகம் தெளிந்தது.

"அப்ப வழக்கை நான் பாத்துக்கொள்ளுறன். சனிக்கிழமை திரும்பவும் கரையைத் துப்புரவாக்கப் போறம். போனமுறை மாதிரி எங்கடை ஆக்களுக்குச் சாப்பாடு நீங்கள்தான்."

வாசல்வரை போனவர் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"இந்தமுறை லஞ்ச் சீற்றில கட்டுங்கோ."